மாத்திரையே தொடாத மாஸ்டர்

பல் வெளியே வந்துவிட்டது. ரத்தம்தான் நிற்பதாக இல்லை.

பல் டாக்டர் பஞ்சை எடுத்துப் பார்த்தார். சிவப்பு. புதுப் பஞ்சை வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து அதையும் எடுத்துப் பார்த்தார். முன்னதைவிடச் சிவப்பு.

"இன்னும் நல்லா கடிச்சுப் பிடிங்க சார்."

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் முறைத்தார். அந்த முறைப்பில் டாக்டரின் கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. காரணம் இருந்தது. நாற்காலியில் இருந்தவர் டாக்டர் படித்த பள்ளியின் டிரில் மாஸ்டர். ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் முதுகு வளையவில்லை, மீசை நரைத்தாலும் முனை தாழவில்லை. ஊரில் பாதிப் பேர் அவருடைய விசிலுக்கு ஓடியவர்கள். டாக்டரும் ஓடியிருக்கிறார், எப்போதும் கடைசி ஆளாக. ஈர்க்குச்சி உடம்போடு இருந்த அவருக்கு 'ஒட்டடை' என்று பெயர் வைத்ததும் மாஸ்டர்தான். இன்றைக்கு டாக்டருக்குத் தொந்தி விழுந்து தலையும் வழுக்கையாகிவிட்டது. பெயர் மட்டும் மெலிந்தே இருந்தது.

பல்லில் கை வைக்கும் முன்னால், எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை டாக்டர் இவரிடமும் கேட்டிருந்தார்.

"சார், ஏதாவது மாத்திரை மருந்து சாப்பிடுறீங்களா?"

"மாத்திரையா? டேய் ஒட்டடை, என்னைப் பார்த்தா மாத்திரை திங்கிற மூஞ்சியாவா தெரியுது? நான் நடைப்பயிற்சிக் கழகத் தலைவர்டா. இன்னைக்குச் சாயந்திரம் என்ன தலைப்புல பேசப்போறேன் தெரியுமா? 'மாத்திரை இல்லாத வாழ்க்கை'. பல்லைப் பிடுங்கி விடு. போய்ப் பேசணும்."

வேறு யாராக இருந்தாலும் டாக்டர் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பார். இங்கே கேள்வி தொண்டை வரை வந்து அட்டென்ஷனில் நின்றுவிட்டது. ஊசி போட்டார், பிடுங்கினார். இப்போது நிற்கிறார்.

"தையல் போட்டுடலாம் சார்" என்றார்.

போட்டார். ரத்தம் கொஞ்சம் அடங்குவதுபோல் இருந்தது. டாக்டர் மூச்சு விட்ட அதே நேரம் மாஸ்டரின் சட்டைப் பையில் போன் அடித்தது. கழகத்திலிருந்து. மாஸ்டர் பஞ்சைத் துப்பிவிட்டு, மைதானத்தின் மறுமுனைக்குக் கேட்கும் குரலில், "வந்துருவேன்! நாற்காலியைப் போட்டு வைங்கய்யா!" என்று கத்தினார். 'வைங்கய்யா'வோடு தையலும் தளர்ந்தது. ரத்தம் மீசையின் இடது முனை வரை வந்தது.

"சார், பேசக்கூடாது சார்!"

"நானா பேசுறேன்? அவங்கதான் பேசுறாங்க!"

நர்ஸ் அவசரமாக ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். "வலி மாத்திரை டாக்டர். கொடுத்துடவா?"

"கொடுக்காதே!" டாக்டர் பாய்ந்து பிடுங்கிக்கொண்டார். "சில வலி மாத்திரை ரத்தத்தை இன்னும் இளக்கி விட்டுடும். இவருக்கு ஏன் நிக்கலைன்னே தெரியாம எதையும் உள்ளே விடாதே. முதல்ல வெளியே இருக்கிற அம்மாவைக் கூப்பிடு."

மாஸ்டரின் மனைவி உள்ளே வந்தார். கணவரின் மீசையைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார்.

"அம்மா, சார் ஏதாவது மாத்திரை எடுத்துக்கிறாரா?"

மாஸ்டர் பஞ்சுக்கு மேலாகக் கண்ணை உருட்டினார்.

"சேச்சே, ஒண்ணும் கிடையாது" என்றார் அந்த அம்மா. சொன்னவர் டாக்டரைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். டாக்டருக்குப் புரியவில்லை. மறு கண்ணையும் சிமிட்டினார். பிறகு பொறுமையிழந்து, "எனக்குக் கூட ஒரு கடைவாய்ப் பல் குடையுது. அந்த எக்ஸ்ரே ரூம்ல வச்சுக் கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

எக்ஸ்ரே அறை ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் மூச்சை உள்ளே இழுக்க வேண்டிய அளவு. கதவைச் சாத்தியதும் மாஸ்டரம்மா கையைப் பிசைந்தார்.

"டாக்டர் தம்பி, நான் சொல்றதை அவர்கிட்டச் சொல்லக் கூடாது. என் மேல சத்தியம்."

"சொல்லுங்கம்மா."

"போன வருஷம் மைதானத்துல மயங்கி விழுந்தாரு. இதய டாக்டர் பார்த்துட்டு, துடிப்பு தாளம் தப்புது, உள்ளே ரத்தம் கட்டி மூளைக்குப் போயிடும், அதனால ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை, ஆயுசுக்கும் சாப்பிடணும்னாரு. இவரு என்ன பண்ணாரு தெரியுமா? வீட்டுக்கு வந்து எங்க கண் முன்னாடியே அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டாரு. 'மாத்திரையை முழுங்கிட்டுத்தான் உயிரோட இருக்கணும்னா எனக்கு அந்த உயிரே வேண்டாம்'னாரு."

"அப்ப சாப்பிடல?"

"சாப்பிடுறாரு. அவருக்குத்தான் தெரியாது. சீட்டைப் பொறுக்கி ஒட்டி, மருந்துக்கடையில காட்டி வாங்கி வச்சிருக்கேன். காலையில நடக்கப் போறப்ப பிளாஸ்க்ல கேரட் ஜூஸ் கொடுத்து அனுப்புவேன். அதுல பொடி பண்ணிக் கலந்துடுவேன்."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முழங்கை எக்ஸ்ரே பெட்டியில் இடித்தது.

"இன்னைக்குக் காலையில?"

"கலந்தேனே. கொஞ்சம் கூடவே தேனும் விட்டேன்." அம்மாவின் குரல் இறங்கியது. "பல் பிடுங்கப் போறோம்னு தெரிஞ்சதும் ரெண்டு நாளைக்குக் கலக்காம இருந்திருக்கணுமோ?"

"ஐயையோ, அது இதைவிட மோசம்! நீங்களா நிறுத்தினா அடைப்பே வந்துடும். நிறுத்தவே வேண்டாம்மா. சொல்லியிருந்தாப் போதும். ரத்தத்தை டெஸ்ட் பண்ணிட்டு, இதய டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, பல்லு எடுத்த கையோட பஞ்சு அடைச்சுத் தையல் போட்டிருப்பேன். தெரியாம பண்றதுதான் ஆபத்து."

"அவரு முன்னாடி எப்படிச் சொல்றது தம்பி? தெரிஞ்சா வீட்டையே ரெண்டாக்கிடுவாரு."

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பயமாக இருந்தாலும் காரணம் கிடைத்துவிட்டது. காரணம் தெரிந்தால் வழி உண்டு. வெளியே வந்து, ரத்தத்தை உறையவைக்கும் மருந்துப் பஞ்சைக் குழிக்குள் வைத்து, தையலைப் பிரித்து மறுபடி இறுக்கிப் போட்டார். மாஸ்டர் சந்தேகத்தோடு மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார்.

அப்போது கதவு படீரென்று திறந்தது. மாஸ்டரின் மகள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். கழுத்தில் அலுவலக அட்டை ஊசலாடியது.

"அப்பாவுக்கு ரத்தம் நிக்கலையாமே!" என்றவள், அப்பாவின் சட்டையில் இருந்த கறைகளைப் பார்த்ததும் பேயறைந்தவள்போல் ஆனாள். "டாக்டர், உங்ககூடத் தனியாப் பேசணும்."

"உங்களுக்கும் கடைவாய்ப் பல்லா?" என்றார் டாக்டர்.

மறுபடி எக்ஸ்ரே அறை.

"டாக்டர், இதை அம்மாகிட்டச் சொல்லிடாதீங்க. அவங்க வாயில ரகசியம் தங்காது. நேரா அப்பாகிட்டப் போயிடும்."

"எது?"

"அப்பாவுக்கு இதயத்துக்குன்னு ஒரு மாத்திரை எழுதினாங்க. அவர் கிழிச்சுப் போட்டாரு. அம்மா பாவம், அவருக்குப் பயந்து பேசாம இருந்துட்டாங்க. வீட்டுல பொறுப்பா ஒரு ஆளாவது இருக்கணும்ல? அவர் கிழிக்கும் முன்னாடியே சீட்டை நான் போன்ல படம் பிடிச்சிருந்தேன், அதைக் காட்டி வாங்கினேன். சாயந்திர நடைக்கு அப்பாவுக்குப் பிளாஸ்க்ல ஜூஸ் நான்தான் போட்டுக் கொடுப்பேன். ஆபீசுக்குக் கிளம்பும்போதே போட்டு வச்சுட்டுப் போயிடுவேன். அதுல..."

"பொடி பண்ணி..."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒரு வருஷமாக. இந்த மனுஷர் இத்தனை நாள் முகச்சவரம் செய்துகொண்டு எப்படி உயிரோடு இருக்கிறார்?

"டாக்டர்னா ரகசியம் காக்கணும்" என்று மகள் நினைவூட்டினாள்.

"காக்கிறேன்மா, காக்கிறேன்" என்றார் டாக்டர். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

வெளியே வந்து, மனைவியையும் மகளையும் வரவேற்பறையில் உட்காரச் சொன்னார். நர்ஸிடம் ஐஸ் கொண்டுவரச் சொன்னார். கதவைச் சாத்தினார். மாஸ்டருக்கு முன்னால் போய் நின்றார். பள்ளி நாளில் ஷூ லேஸ் கட்டாமல் வந்து நின்ற அதே நிலை.

"சார்... உங்க ரத்தத்துல ஏதோ மருந்து இருக்கு சார்."

மாஸ்டர் கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு விரலால் டாக்டரைக் கிட்டே கூப்பிட்டார். பஞ்சுக்கு நடுவிலிருந்து வந்த குரல் மாஸ்டருடையது போலவே இல்லை.

"கண்டுபிடிச்சுட்டியாடா?"

"எதை சார்?"

"அந்த மாத்திரையை நான் சாப்பிடுறேன்டா."

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

"சீட்டைக் கிழிச்சது நிஜம். வீராப்பு. மறுநாளே தனியாப் போய் இதய டாக்டர் கால்ல விழாத குறையா வேற எழுதி வாங்கிட்டேன். ஒழுங்கா டெஸ்ட்டுக்கும் போறேன். வாக்கிங் ஷூவுக்குள்ள ஒளிச்சு வச்சுத் தினமும் போட்டுக்கிறேன். மைதானத்துல விழுந்தேன் பாரு, கண்ணு முழிச்சப்ப என் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. பயந்துட்டேன்டா. எனக்குச் சாகப் பயமா இருக்குடா ஒட்டடை."

டாக்டருக்கு ஒரு கணம் கண் கலங்கியது. இத்தனை வருஷமும் அவர் பயந்த மனிதர், தன்னிடம் வந்து பயமாக இருக்கிறது என்கிறார்.

"ஏன் சார் வீட்டுல சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ஊருக்கெல்லாம் மாத்திரை வேண்டாம்னு சொல்லிட்டுத் திரியிறேன். வீட்டுல அவ சிரிப்பாளே! நீயும் சொல்லாதே. அப்புறம்... இன்னொண்ணு."

"இன்னும் என்ன சார்?"

"பல் வலிக்கு ரெண்டு நாளா வலி மாத்திரையும் போட்டுக்கிட்டேன். கடையில கேட்டுத்தான் வாங்கினேன். உன்கிட்டச் சொன்னா, மாத்திரை சாப்பிடுற ஆளுன்னு தெரிஞ்சுடுமேன்னு..."

டாக்டர் பக்கத்தில் இருந்த சுழல் முக்காலியில் உட்கார்ந்தார். அது தானாக ஒரு சுற்றுச் சுற்றியது. உட்கார்ந்தவரின் தலை அதற்கு முன்பே சுற்றிக்கொண்டிருந்தது.

மனைவி ஒன்று. மகள் ஒன்று. தானாக ஒன்று. ஒரே மாத்திரை, மூன்று வழி. போதாததற்கு அதோடு சேரவே கூடாத வலி மாத்திரை. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அன்பு செலுத்துகிறார்கள். மூன்று பேரும் டாக்டரிடம் ரகசியம் காக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ரகசியமாவது ஒன்றாவது! டாக்டர் போனை எடுத்து இதய டாக்டரைப் பிடித்தார்.

"ஒரு மாத்திரைதானே? அதுக்கா இவ்வளவு பதற்றம்?" என்றது எதிர்முனை. "அழுத்திப் பிடிங்க, நின்னுடும். அந்த வலி மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க."

"ஒண்ணு இல்ல சார். மூணு."

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "மூணா! உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க! நானும் வர்றேன்!"

நர்ஸ் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். டாக்டர் கதவைத் திறந்து தாயையும் மகளையும் உள்ளே அழைத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"எல்லாரும் என்னை மன்னிச்சுடுங்க. உயிர் விஷயம். அம்மா காலையில ஜூஸ்ல மாத்திரை கலக்குறாங்க. பொண்ணு சாயந்திர ஜூஸ்ல கலக்குது. சார் தனியா அவரே போட்டுக்கிறாரு."

எச்சில் உறிஞ்சும் குழாய் மட்டும் விர்ரென்று காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"நீயாடி?" என்றார் அம்மா.

"நீங்களாம்மா?" என்றாள் மகள்.

பிறகு இருவரும் மாஸ்டரைப் பார்த்துத் திரும்பினார்கள். "நீங்களுமா?"

"உங்களைக் காப்பாத்தறேன்னு நினைச்சு நானே..." மாஸ்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு மூணு பேருக்கும் வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?"

மகள் அழத் தொடங்கினாள். மாஸ்டர் 'ஜூஸ்' என்ற சொல்லைக் கேட்டதிலிருந்தே நாற்காலியில் துள்ளிக்கொண்டிருந்தார். இப்போது பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். "டேய்! அந்த ஜூஸை நான்..." என்று ஆரம்பித்ததும் ரத்தம் மறுபடி பொங்கியது.

அப்போது நடந்ததைப் பிறகு நர்ஸ் பலரிடமும் சொன்னாள். யாரும் நம்பவில்லை.

"வாயை மூடுங்க சார்!" என்று கத்தினார் பல் டாக்டர்.

கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. மாஸ்டர் திறந்த வாயோடு அப்படியே சிலையாகிவிட்டார். வாழ்நாளில் அவரைப் பார்த்து அப்படி யாரும் கத்தியதில்லை. டாக்டர் புதுப் பஞ்சை உருட்டி உள்ளே வைத்து, தாடையைத் தானே சாத்தினார். "இனிமே ஒரு வார்த்தை பேசினீங்க, கிளினிக்கைச் சுத்தி ஓட விட்டுடுவேன். கடிங்க!"

மாஸ்டர் கடித்தார்.

ஆனால் அவருடைய கை சும்மா இருக்கவில்லை. கட்டைவிரலை வாய்ப்பக்கம் தூக்கிக் குடிப்பதுபோல் காட்டினார். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார்.

"தண்ணி கேட்கிறாரு" என்றாள் நர்ஸ்.

"கொடுக்காதே. கொப்புளிச்சா ரத்தக்கட்டி கரைஞ்சுடும்."

மாஸ்டர் மறுபடி குடித்துக் காட்டினார். மூக்கைச் சுளித்தார். கையை வீசித் தூரத்தில் யாருக்கோ கொடுப்பதுபோல் நீட்டினார்.

"எல்லாருக்கும் கொடுத்துடணும்னு சொல்றாரு. சொத்தைப் பத்தியோ?" என்று மாஸ்டரம்மா விம்மினார். "அப்படியெல்லாம் பேசாதீங்க! உங்களுக்கு ஒண்ணும் ஆகாது!"

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து மாஸ்டரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றினார்கள். வாசலைத் தாண்டும்போது எதிரே ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். மாஸ்டரோடு தினமும் நடப்பவர், நடைப்பயிற்சிக் கழகத்தின் செயலாளர். குண்டு உடம்பு, வெள்ளை ஷூ, கழுத்தில் துண்டு. கூட்டம் காத்திருக்கிறது என்று அழைத்துப்போக வந்தவர், தலைவரின் கோலத்தைப் பார்த்து உறைந்துவிட்டார்.

அவரைக் கண்டதும் மாஸ்டருக்கு ஆவேசமே வந்துவிட்டது. அவரைச் சுட்டிக்காட்டினார். குடித்துக் காட்டினார். மறுபடி அவரைச் சுட்டினார். கண்கள் வெளியே வந்துவிடும்போல் இருந்தன.

"புரிஞ்சுது சார்" என்று டாக்டர் தோளைத் தட்டினார். "கூட்டத்துல இவரையே பேசச் சொல்றீங்க. வந்தவங்களுக்குக் குடிக்க ஏதாவது கொடுக்கச் சொல்றீங்க. எல்லாம் பார்த்துக்குவாங்க. நீங்க பேசாமப் போங்க."

மாஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். கதவு சாத்தப்பட்டது. வண்டி அலறிக்கொண்டு போனது.

டாக்டர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். தான் இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும். ஒட்டடையாக நிற்காமல் டாக்டராக நின்றிருக்க வேண்டும். அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

போன் வந்தது. இதய டாக்டர்.

"ஏன்யா, மூணு மாத்திரைன்னு யாரு சொன்னது? டெஸ்ட் பார்த்தாச்சு. ஒழுங்கா ஒரே மாத்திரை சாப்பிடுற ஆளுக்கு எப்படி இருக்கணுமோ அப்படியே இருக்கு. அந்த வலி மாத்திரையாலதான் கொஞ்சம் கூடுதலா கசிஞ்சிருக்கு. ரத்தம் நின்னாச்சு. வாயில இன்னும் பஞ்சு, பேச விடல. கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கிட்டே இருக்காரு. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடலாம்."

டாக்டர் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். உயிர் திரும்பி வந்தது. கூடவே வியப்பும் வந்தது. மூன்று மாத்திரையை ஒரு மாத்திரையாகச் செரித்துவிட்டதே அந்த உடம்பு! இரும்புதான். மாஸ்டர் பெருமையடித்துக்கொண்டது பொய்யில்லை.

"நல்ல சேதிதானே டாக்டர்?" வரவேற்பறையில் காத்திருந்த செயலாளர் எட்டிப் பார்த்தார். "கடவுள் காப்பாத்தினாரு. கூட்டத்தைத் தள்ளி வச்சாச்சு. வந்ததுதான் வந்தேன், எனக்கும் இந்தக் கீழ்ப்பல்லு ஆடிக்கிட்டே இருக்கு. எடுத்து விட்டுடுங்களேன்."

டாக்டர் அவரை உட்காரவைத்துப் பார்த்தார். உண்மையில் ஆடிக்கொண்டிருந்த பல். இரண்டு விரல் வேலை. ஆனால் இன்று பட்டது போதும். எதையும் விடாமல் கேட்டார்.

"சர்க்கரை?"

"இல்ல."

"பிரஷர், இதயம்?"

"இல்லவே இல்ல."

"எலும்பு பலத்துக்கு ஊசி, மாத்திரை? வலி மாத்திரை? யாராவது கொடுத்த சூரணம், கஷாயம்?"

"எதுவுமே கிடையாது டாக்டர்."

இந்த முறை டாக்டருக்குத் திருப்தி. மரத்துப்போக ஊசி போட்டார். காத்திருந்தார். நர்ஸ் இடுக்கியை நீட்டினாள். அதை வாங்கிப் பல்லருகே கொண்டுபோனவர், மனசு கேட்காமல் நிறுத்தினார்.

"கடைசியா ஒரு தடவை கேட்டுக்கிறேன். நிஜமா எந்த மருந்தும் உள்ளே போகல இல்ல?"

செயலாளர் மரத்த உதட்டோடு சிரித்தார்.

"மருந்தா? நமக்கு எல்லாம் மாஸ்டர் புண்ணியம் டாக்டர்! கசக்குதுன்னு சொல்லி, காலையிலயும் சாயந்திரமும் அவர் வீட்டுப் பிளாஸ்க் ஜூஸை என்கிட்டயே கொடுத்துடுவாரு, ஒரு வருஷமா நான்தான் ஒரு சொட்டு விடாம குடிக்கிறேன்!"